வீட்டில் பீர் தயாரித்தல்: கலன்களும் முறைகளும்

வீட்டில் பீர் தயாரித்தல் என்பது, முளைகட்டிய தானியத்தில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, அவ்வாறு கிடைக்கும் இனிப்புச் சாற்றை ஈஸ்ட் எனப்படும் மதுவத்தைக் கொண்டு நொதிக்கவைத்து, விற்பனைக்கு அல்லாமல் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் சிறிய அளவில் பீர் உண்டாக்குவதாகும். இலங்கைத் தமிழில் இது பியர் என்று எழுதப்படுகிறது. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு இது சட்டம் அனுமதிக்கும் ஒரு பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் வசிப்பவருக்கு இது குற்றம்.

கடலூர் மாவட்டத்தில், சென்னை – கும்பகோணம் சாலையும் சிதம்பரம் – விருத்தாசலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ளது சேத்தியாத்தோப்பு. ஒருபுறம் வெள்ளாறும் அதன் அணைக்கட்டும், இன்னொருபுறம் வீராணம் ஏரி, சுற்றிலும் நெல்லும் கரும்பும், ஊரை ஒட்டிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, மேற்கே பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம். பீருக்கு வேண்டியவற்றில் பார்லியும் ஹாப்ஸ் பூவும் நீங்கலாக ஏறத்தாழ எல்லாமே இங்கே கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. அனுமதி ஒன்றுதான் இல்லை. கலன், நீர், வெப்பம் ஆகியவற்றை விளக்க இந்த வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டாக அமைவதால் கட்டுரை நெடுகிலும் அது பயன்படுத்தப்படுகிறது.

நொதித்தல் வேறு, வடித்தல் வேறு

'காய்ச்சுதல்' என்று சொன்னதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது சாராயம். பீர் அப்படிக் காய்ச்சப்படுவதில்லை. தானியச் சாறு ஒருமுறை கொதிக்கவைக்கப்படுகிறது, உண்மைதான். ஆனால் அது நொதித்தலுக்கு முன்பு, சாராயச்சத்து உண்டாவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நொதித்த பின் பீரைச் சூடாக்குவதே இல்லை. சாராயத்தில் நொதித்த ஊறலைச் சூடாக்கி, ஆவியைப் பிடித்துக் குளிர்வித்துச் செறிவூட்டுகிறார்கள். அதற்குப் பெயர் வடித்தல். வீட்டில் பீர் தயாரிக்க அனுமதிக்கும் நாடுகளிலும் பொதுவாக உரிமமின்றி வடிப்பதற்கு அனுமதி கிடையாது.

இந்த வேறுபாடு தெரியாததால் இரண்டு எதிரெதிரான தவறுகள் நேர்கின்றன. வீட்டு பீர் கண்ணைக் குருடாக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தானியத்தை நொதிக்கவைக்கும்போது மெத்தனால் மிக நுண்ணிய அளவிலேயே உண்டாகும். அந்த அளவு கேடு செய்யாது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது நொதித்தலில் உண்டான பொருள் அன்று. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் சாராயத்தில் கலக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் பகுதியில் நேர்ந்த சாவுகளுக்கும் காரணம் மெத்தனால்தான். மறுபுறம், 'வீட்டில் செய்தது, ஆகவே தூயது' என்று நம்புவோரும் உண்டு. எந்தப் பாத்திரத்தில் செய்தது என்று கேட்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

சட்டம்

1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே, பல திருத்தங்களுடன், தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. அந்த ஆண்டு அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. சட்டம் 'மது' என்பதற்குத் தரும் பொருள் மிகவும் விரிந்தது: கள், சாராயம், ஒயின், பீர் மட்டுமல்லாமல் ஆல்கஹால் அடங்கிய திரவங்கள் எல்லாவற்றையும் அது உள்ளடக்குகிறது. உரிமமின்றி உற்பத்தி செய்வது மட்டும் குற்றமில்லை. அதற்கான மூலப்பொருளையும் கருவிகளையும் வைத்திருப்பதும் குற்றமே. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது, பின்னர் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987 சனவரி 1 முதல் கள் தடை செய்யப்பட்டது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. இத்தனை மாற்றங்களில் எதுவும் வீட்டில் பீர் தயாரிப்பவருக்கு வாசல் திறக்கவில்லை. கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின் 2024இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. எனவே சேத்தியாத்தோப்பில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர் கீழே சொல்லப்படும் பீர் முறைகளைச் செய்துபார்க்க வேண்டாம். அவருக்கு உதவக்கூடிய பகுதி கட்டுரையின் இறுதியில் இருக்கிறது.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. பிரித்தானியாவில் வீட்டு பீருக்கு உரிமம் பெறும் கட்டாயம் 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் குடியரசுத் தலைவர் சிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், இரண்டு வயதுவந்தோர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் (ஏறத்தாழ 757 லிட்டர்) வரை வரியின்றி அனுமதித்தது. ஆயினும் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத்தான் வழிவிட்டன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. சிங்கப்பூரில் 2004 முதல் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்பு உண்டு; விற்கக் கூடாது, வடிக்கக் கூடாது. இந்தியாவின் வடகிழக்கிலும் சார்க்கண்டு போன்ற பகுதிகளிலும் பழங்குடி மக்கள் தம் வீட்டு அரிசி பீரைச் செய்துவருகிறார்கள். அசாம் திமாசா மக்களின் 'சூடிமா' 2021இல் புவிசார் குறியீடும் பெற்றது.

தோப்பி

தமிழருக்கு பீர் ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்பது பாதி உண்மை. நீலகிரியின் குளிரை நம்பி 19ஆம் நூற்றாண்டில் அங்கே பீர் ஆலைகள் தொடங்கப்பட்டன. 1915இல் தாமஸ் லைஷ்மன் தென்னிந்தியாவின் 5 சிறு ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். ஹாப்ஸ் சேர்த்த, கசப்பான, நுரை பொங்கும் பானத்தைப் பொறுத்தவரை இந்த வரலாறு சரி.

தானியத்தை முளைகட்டி மதுவாக்கும் நுட்பமோ மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தோப்பி என்ற வீட்டு மதுவைப் பெயர் சொல்லிக் குறிப்பதோடு, அரிசியிலிருந்து மது செய்யும் முறையையும் படிப்படியாக விவரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கிண்டுகிறார்கள்; வாய் அகன்ற தட்டில் பரப்பி ஆறவைக்கிறார்கள்; நெல்முளையை இடித்து அதில் கலக்கிறார்கள்; இரண்டு பகலும் இரண்டு இரவும் விடுகிறார்கள்; வலுவான வாயுள்ள சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். முளை என்று உரையாசிரியர் சொல்வதைத்தான் இன்று மால்ட் என்கிறோம். (தோப்பி என்ற சொல்லுக்கும் சேத்தியாத்தோப்பின் தோப்புக்கும் தொடர்பு இல்லை, ஊர்ப்பெயரில் இருப்பது மரத்தோப்பு.)

இந்த வரிசையில் உள்ள அறிவைக் கவனிக்க வேண்டும். அரிசியின் மாவுச்சத்து பார்லியை விடக் கூடுதலான வெப்பத்தில்தான் இளகும். எனவே முதலில் களியாக வேகவைத்தே ஆகவேண்டும். முளையில் உள்ள நொதிகள்தாம் மாவைச் சர்க்கரையாக உடைப்பவை. கொதிக்கும் களியில் முளையைப் போட்டால் அவை அழிந்துபோகும். ஆகவே ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும். அரிசியும் சோளமும் சேர்க்கும் இன்றைய பெரிய பீர் ஆலைகளும் தானியத்தைத் தனியே வேகவைத்து, வெப்பத்தைச் சரிசெய்து, பின் பார்லி முளையுடன் சேர்க்கின்றன. கருவிகள் மாறியிருக்கின்றன, செய்முறை அதேதான்.

கலன்

பீர் தயாரிப்புக்கு இரண்டு கலன்கள் கட்டாயம்: கொதிக்கவைக்க ஒன்று, நொதிக்கவைக்க ஒன்று. முதலாவதில் பெரிய சிக்கல் இல்லை. எவர்சில்வர் அண்டா சிறந்தது. அலுமினியப் பாத்திரமும் பரவாயில்லை, ஆனால் காரமான சோடா உப்புகளால் தேய்த்துக் கழுவக் கூடாது. பித்தளையைத் தவிர்க்க வேண்டும்.

பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுவது' பற்றி இங்கே ஒரு சொல். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தால். அது உணவுக்கு ஏற்றது. காரீயம் நச்சு, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது, உடலில் சேர்ந்துகொண்டே போவது. பூச்சு வேலையில் வெள்ளீயத்துடன் காரீயத்தைக் கலப்பது விலை மலிவுக்காகச் செய்யப்படும் மோசடி. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.

நொதிக்கும் கலனில்தான் இந்த எச்சரிக்கை முக்கியமாகிறது. ஏனெனில் பீர் புளிப்பான திரவம். அதன் அமிலகாரக் குறியீடு 4.2 முதல் 4.5 வரை இருக்கும். அத்தகைய திரவம் ஒரே பாத்திரத்தில் பத்து, பதினைந்து நாள் நிற்கும்போது, பாத்திரத்தில் கரையக்கூடியது எதுவோ அது கரைந்தே தீரும். ஊறுகாய்க்கும் இது பொருந்தும். எலுமிச்சை ஊறுகாய் பீரைவிடப் புளிப்பானது, அதைவிட நீண்ட காலம் சாடியில் இருப்பது.

உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளி விலை குறைவு, உடையாது, தொடங்குபவருக்குப் போதுமானது. அதன் குறை கீறல். கீறலுக்குள் நுண்ணுயிர் ஒளிந்துகொள்ளும், எந்தக் கழுவலுக்கும் வெளியே வராது. ஆகவே கம்பி நாரால் தேய்க்காமல் மென்துணியால் கழுவ வேண்டும். கீறல் விழுந்த வாளியை அரிசி போட்டு வைக்க அனுப்பிவிட வேண்டும். கண்ணாடிக் குடுவையில் உள்ளே நடப்பது தெரியும், மணம் பிடிக்காது. நிரம்பிய 20 லிட்டர்க் கண்ணாடிக் குடுவை கைநழுவினால் ஏற்படும் காயம் சிறியதாக இருக்காது. எவர்சில்வர் எல்லா வகையிலும் மேலானது, விலை ஒன்றைத் தவிர.

பீங்கான் சாடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் உள்ளன. மின்சார ஃபியூஸ் கட்டைகள், காப்பான்கள், பொம்மைகள், அகல்விளக்குகள் என அங்கு உருவாகும் பொருட்கள் பல. இவ்வளவு பொருட்களையும் 'பீங்கான்' என்ற ஒரே சொல்லால் அழைத்தாலும், சூளை வெப்பத்தாலும் மேற்பூச்சாலும் அவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. மின்காப்பான் 1,200 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் சுடப்பட்டு, உள்ளே நீர் புகாதபடி இறுகிப்போனது. அழகுப் பொம்மை அப்படி இறுக வேண்டிய தேவை இல்லை. அதன் வண்ணப்பூச்சு உணவு படும் என்று நினைத்துச் செய்யப்பட்டதும் அன்று.

பூச்சு என்பது மண்ணின் மேல் உருகிப் படிந்த கண்ணாடிதான். மணலை உருகவைக்க மிகுந்த சூடு வேண்டும். குறைந்த சூட்டில் உருகவைக்கச் சேர்க்கும் பொருள்களில் காரீயமும் ஒன்று. உலகெங்கும் பழைய குயவர்கள் அதைப் பயன்படுத்தியதற்குக் காரணம், அது பளபளப்பான, வழவழப்பான பூச்சைத் தருவது. ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களைக் கொண்டு உயர்சூட்டில் சுட்ட பூச்சுக்குக் காரீயம் தேவையே இல்லை. ஆகவே, நொதிக்கவைக்கச் சாடி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது இதன் பூச்சு எது, எத்தனை பாகையில் சுட்டது என்பதே. விலையைப் பிறகு பேசலாம். செய்தவரிடமே நேரில் கேட்க முடிவதுதான் பீங்கான் ஊருக்கு அருகில் வசிப்பதன் நன்மை.

கேட்க ஆள் இல்லாதபோது சில அடையாளங்களைப் பார்க்கலாம். சாடியின் அடிவிளிம்பில் பூச்சில்லாத வளையம் ஒன்று இருக்கும். அங்கே ஒரு சொட்டு நீர் விட்டால், இறுகச் சுட்ட சாடியில் அது முத்தாக நிற்கும். இளஞ்சூட்டில் சுட்டதில் மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். விரலால் தட்டினால் மணியோசை எழ வேண்டும். மந்தமான ஓசை வந்தால் விரிசல் உண்டு. உட்புறம் வெள்ளை, பழுப்பு, நிறமற்ற பூச்சு என எளிமையாக இருப்பது நல்லது. உள்ளே சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் பளபளப்பதை உணவுக்கு எடுக்க வேண்டாம். பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலைப்பின்னலாகத் தெரிந்தால் அந்தச் சாடி தானியம் வைக்கவே ஏற்றது. இந்தச் சோதனைகள் எல்லாம் பாத்திரத்தின் இறுக்கத்தைத்தான் காட்டும், காரீயம் உண்டா இல்லையா என்பதைக் காட்டாது. அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

நல்ல சாடி அமைந்துவிட்டால் அதன் பயன்கள் பல. ஒளி உள்ளே புகாது. ஒளி பட்டால் ஹாப்ஸ் சேர்ந்த பீரில் ஒருவிதக் கெட்ட நாற்றம் உண்டாகும், பீர்ப் புட்டிகள் பழுப்பு நிறத்தில் இருப்பது இதனால்தான். தடித்த சுவர் வெப்பத்தைச் சீராக வைக்கும். கீறல் விழாது. ஆனால் கொதிக்கும் சாற்றை நேரே ஊற்றினால் சாடி வெடிக்கும். முன்னரே ஆறவைக்க வேண்டும். சாதாரண ஊறுகாய்ச் சாடியின் மூடி காற்றை முழுமையாக அடைக்காது என்பது இன்னொரு குறை. செர்மனியில் முட்டைக்கோசைப் புளிக்கவைக்கும் சாடிகளுக்கு இதற்கு ஒரு தீர்வு உண்டு. வாயைச் சுற்றி அகழி போல ஒரு பள்ளம். அதில் நீர் ஊற்றி, மூடியை நீருக்குள் அமர்த்துகிறார்கள். உள்ளே உண்டாகும் கரியமில வாயு குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்றும் ஈயும் உள்ளே போகா. எறும்பு ஏறாமல் இருக்கத் தீனிப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் வழக்கத்தின் மறுவடிவம் இது. விருத்தாசலத்துச் சூளைகளில் இத்தகைய சாடி செய்யத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஊறுகாய்க்கே அது நல்ல சந்தையைப் பெறக்கூடும் என்று தோன்றுகிறது.

பூச்சில்லாத மண்பானை பீருக்கு ஆகாது. அதன் நுண்துளைகளில் பழைய நொதி தங்கி, அடுத்த முறை புளிப்பேற்றும். பனையேறிகள் இந்தத் தன்மையை நன்கு அறிந்தவர்கள். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரமும் சாறும் ஒன்றே. வேறுபாடு கலனில்தான் இருக்கிறது.

வெப்பம்

வீட்டு பீர் பற்றிய நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. பெரும்பாலான ஏல் வகை ஈஸ்டுகள் 18 முதல் 22 பாகை செல்சியசில் நன்றாக வேலை செய்கின்றன. லேகர் வகைக்கு 10 முதல் 14 பாகை வேண்டும். கடலூர் மாவட்டத்துச் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 33, 34 பாகை இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் வெப்பம்தான். போதாக்குறைக்கு, நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிட்டுச் சாற்றின் சூட்டை மேலும் சில பாகை உயர்த்தும். சூடு மிகுந்தால் ஈஸ்ட் அவசரப்பட்டு, தலைவலி தரும் கடின ஆல்கஹால்களையும் பசைநெடி தரும் பொருள்களையும் உண்டாக்கும். வெப்பநாட்டில் செய்யும் முதல் பீர் பெரும்பாலும் இதனால்தான் கெடுகிறது.

குளிர்பதனப் பெட்டி ஒன்றை இதற்கென ஒதுக்கி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது உறுதியான வழி. செலவில்லாத வழி, நொதிகலனை நீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரச் சாக்கால் சுற்றி, மின்விசிறியின் முன் வைப்பது. மண்பானை நீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். காற்றில் ஈரம் குறைந்த இடங்களில் இது சில பாகை குறைத்துத் தரும். கடலோர ஊர்களில் அவ்வளவு பலன் தராது. மூன்றாவது வழி ஈஸ்டையே மாற்றுவது. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறையாகக் காக்கப்பட்டுவந்த 'குவைக்' வகை ஈஸ்ட், 35 பாகையிலும் கெட்ட மணமின்றி இரண்டு, மூன்று நாளில் நொதித்து முடித்துவிடும். பனிநாட்டில் தோன்றிய ஒன்று வெப்பநாட்டாருக்கு இவ்வளவு பொருந்துவது வியப்புதான். சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் இன்று தொடங்குவதானால், பெட்டி வாங்கும் முன் இதை முயல்வதே நல்லது.

முறைகள்

மிக எளிய முறை, ஹாப்ஸ் சேர்த்துச் செறிவூட்டி டப்பாவில் அடைத்த மால்ட் பாகு வாங்குவது. 1.7 கிலோ டப்பாவுடன் ஒரு கிலோ சர்க்கரையும் நீரும் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட் தூவினால் முடிந்தது. கொதிக்கவைக்கவே தேவையில்லை. இதில் கற்றுக்கொள்ளக் கிடைப்பது துப்புரவும் பொறுமையும் மட்டுமே. சுவையை டப்பா செய்தவர் தீர்மானித்துவிட்டார். அடுத்தது, ஹாப்ஸ் சேர்க்காத பாகை வாங்கி, தானே ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைப்பது.

முழுத் தானிய முறையே உண்மையான பீர் தயாரிப்பு. அதற்கு மூன்று அண்டாக்களும் குழாய்களும் வேண்டும் என்று சொல்லப்பட்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பரவிய 'பை முறை' அதை ஒரே அண்டாவில் முடித்துவைக்கிறது. 5 லிட்டர் பீருக்குக் கணக்கு இப்படி: 12 லிட்டர் கொள்ளும் அண்டாவில் 8 லிட்டர் நீரை 69 பாகைக்குச் சூடாக்க வேண்டும். மெல்லிய துணிப் பையை உள்ளே விரித்து, நொறுக்கிய 1.1 கிலோ பார்லி மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் வெப்பம் 67 பாகைக்கு வரும். அண்டாவைப் போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். 65 பாகை என்றால் பீர் வறட்சியாகவும் 68 என்றால் சற்று இனிப்பும் திண்மையும் கொண்டதாகவும் அமையும். 75ஐத் தாண்டினால் நொதிகள் விரைவாக அழியும். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். கொதி தொடங்கும்போது 10 கிராம் ஹாப்ஸ் சேர்த்தால் மிதமான கசப்பு வரும். கொதித்து வற்றியபின் ஏறத்தாழ 5 லிட்டர் மிஞ்சும். அண்டாவைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தி விரைவாக ஆறவைத்து, சாடிக்கு மாற்றி, 3 கிராம் உலர் ஈஸ்ட் தூவ வேண்டும்.

இந்த முறைக்கு நல்ல வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். அடுத்து வாங்க வேண்டியது ஹைட்ரோமீட்டர். தொடக்க அடர்த்தி 1.046, இறுதியில் 1.010 என்று காட்டினால், வேறுபாடு 0.036ஐ 131ஆல் பெருக்க, ஆல்கஹால் சுமார் 4.7 விழுக்காடு. பெரும்பாலான கருவிகள் 20 பாகைக்கு அளவிடப்பட்டவை. 32 பாகையில் உள்ள சாற்றில் மிதக்கவிட்டால் சுமார் 0.003 குறைவாகக் காட்டும். மற்றக் கருவிகள் அனைத்தும், மின்சாரத்தில் இயங்கும் பளபளப்பான எந்திரங்கள் உட்பட, வசதிக்கானவை. பத்து முறை செய்தபின் வாங்கினால் போதும்.

நீரும் சர்க்கரையும்

பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். புதிய வீராணம் திட்டத்தின்கீழ் 2004 முதல் சென்னைக்குப் போகும் ஏரிநீர் சேத்தியாத்தோப்பிலிருந்தே உந்தப்படுகிறது. ஏரிநீருக்கும் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் தன்மை வேறு. கிணற்று நீரில் காரத்தன்மை மிகுந்தால் தானிய ஊறலின் அமிலகாரக் குறியீடு வேண்டிய 5.2 – 5.6க்கு மேலே போய், துவர்ப்பு ஏறும். கொதிக்கவைத்து ஆறவிட்டால் தற்காலிகக் கடினத்தன்மை படிந்துவிடும். குழாய் நீரில் குளோரின் நெடி இருந்தால் அதையும் முன்கூட்டியே போக்க வேண்டும். இல்லையேல் பீரில் மருந்து வாடை வரும். வடிகட்டி எந்திர நீரை மட்டும் பயன்படுத்தினால் கால்சியம் போதாமல் போகும்.

சர்க்கரை சேர்ப்பது இழுக்கு என்று கருதுவோர் உண்டு. பெல்ஜியத்தார் அப்படி நினைப்பதில்லை. 5 லிட்டருக்கு 100 கிராம் வெள்ளைச் சர்க்கரை ஆல்கஹாலை ஏறத்தாழ 1 விழுக்காடு கூட்டும், உடலை மெலிதாக்கும். வெல்லம் நிறமும் மண்மணமும் சேர்க்கும். அளவு மிகுந்தால் பீர் சுவை போய் ஊறல் சுவை வந்துவிடும்.

துப்புரவும் புட்டியும்

கொதித்த பின் சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளும் முதலில் கழுவப்பட்டு, பின்பு நுண்ணுயிர் நீக்கப்பட வேண்டும். இவை இரண்டு தனித்தனி வேலைகள். அழுக்கின்மேல் ஊற்றும் கிருமிநாசினி வீண். பிளீச்சிங் தூள் கலந்த நீரை விடச் சோடியம் பெர்கார்பனேட்டால் கழுவி, அயோடின் அல்லது பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த நீர்மத்தால் அலசுவது பாதுகாப்பு. பிளீச்சிங் எச்சம் மேலே சொன்ன மருந்து வாடையைத் தரும்.

அடர்த்தி மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் இருந்தால்தான் புட்டியில் அடைக்கலாம். குமிழி நின்றுவிட்டது என்பது போதிய சான்று அன்று. நுரைக்காக லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரை சேர்க்கப்படும். எடை பார்த்தே சேர்க்க வேண்டும், கரண்டிக் கணக்கு உதவாது. நொதித்தல் முடியாமல் அடைத்தாலோ, சர்க்கரை மிகுந்தாலோ புட்டி குண்டாகிவிடும். ரோஸ்மில்க், சர்பத், சாஸ் புட்டிகள் இந்த அழுத்தத்துக்கானவை அல்ல. தொடங்குபவர் சோடா வந்த பிளாஸ்டிக் புட்டிகளைப் பயன்படுத்தலாம். விரலால் அழுத்திப் பார்த்து, கல்போல் இறுகியதும் குளிரில் வைத்துவிடலாம். நம் வெப்பத்தில் அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் இரண்டு வாரம் தேவைப்படாது.

தமிழ்நாட்டில் செய்யத்தக்கவை

மேற்சொன்ன நுட்பங்களில் பெரும்பகுதிக்கு மது தேவையில்லை. கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு, மூன்று நாள் முளைகட்டி, வெயிலில் காயவைத்து, முளைவேரைத் தேய்த்து நீக்கி, இளவறுப்பாக வறுத்து அரைப்பது எத்தனையோ வீடுகளில் குழந்தைகளுக்காக நடக்கிறது. மால்ட் செய்யும் கலையும் இதுதான். அந்த மாவில் ஒரு கரண்டியை, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய கெட்டியான அரிசிக் கஞ்சியில் கலந்து மூடிவைத்தால், அரை மணியில் கஞ்சி நீர்த்து இனிப்பேறுவதைக் காணலாம். அண்டாவில் நடக்கும் மாற்றம் முழுவதும் அந்தக் கிண்ணத்தில் நடக்கிறது. பொதுவாகக் கஞ்சியைத் திரும்பக் கொதிக்கவைத்துக் கொடுப்பதே குழந்தைக்குப் பாதுகாப்பு.

புளிக்கவைத்த கம்பங்கூழ், நீராகாரம், இட்லி மாவு ஆகியவற்றில் வேலை செய்பவை முதன்மையாக லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். வெப்பம் மிகுந்தால் விரைந்து புளிக்கும், கலன் தூய்மையின்றேல் கெட்டுப்போகும் என்ற விதிகள் இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். நீர்ப்பள்ளம் உள்ள சாடியை மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய் ஊறுகாய்க்குப் பயன்படுத்தலாம். உப்பு, காய்களின் எடையில் நூற்றுக்கு மூன்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நெடுநாள் வைக்கும் ஊறுகாய்க்கு அதைவிடப் பன்மடங்கு. காய் உப்புநீருக்கு மேலே தலைநீட்டாமல் இருக்க, நன்கு கழுவிய பீங்கான் தட்டு ஒன்றைப் பாரமாக வைக்கலாம். அந்தத் தட்டின் பூச்சையும் சாடியைப் போலவே சோதித்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.